கையாற் பின்னிய குல்லாய்

நூலைக் கொண்டு ஆடை ஆக்கும் முறைகளுள் நெய்தலும் பின்னுதலும் தலையாயவை. நெய்தற்குப் பாவு என நெடுக்கே செல்லும் இழைகள் வேண்டும். ஊடை எனக் குறுக்கே செல்லும் இழை வேண்டும். இவற்றைத் தாங்கி நிற்கத் தறியும் வேண்டும். பின்னுதற்கோ ஒரே நூல் போதும். அந்நூலைச் சிறு வளையமாக மடித்து, அதனூடே அடுத்த வளையத்தை இழுத்து, அதனூடே மற்றொன்றை இழுத்து, இவ்வாறே தொடர்ந்து செல்வதுதான் பின்னுதல். இவ்வளையத்தைக் கண்ணி என்று கூறலாம். திருப்பூரில் பொறிகள் பின்னும் பனியன் துணியைப் பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நெய்த வேட்டி அவ்வாறு நீளாது. கண்ணிகள் இழுத்த பக்கம் நெகிழ்ந்து கொடுப்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

நெகிழ்ந்து கொடுக்கும் இவ்வியல்பினாலேயே பின்னல் துணி தலைக்கும் கைக்கும் காலுக்கும் ஏற்றதாயிற்று. உருண்டையான தலைக்கு நெய்த துணியில் குல்லாய் தைக்க வேண்டுமாயின், துணியைப் பல துண்டுகளாக வெட்டி இணைத்தல் வேண்டும். பின்னுவோர்க்குக் கத்தரிக்கோலே தேவையில்லை. கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் அவர்கள் விரும்பிய வடிவத்தை வருவித்துக் கொள்வர்.

குளிர் மிகுந்த நாடுகளில் நண்பர்க்குக் கம்பளிக் குல்லாய் பின்னிக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அதனைப் பின்னும் முறை சிறிது கணக்கறிவும் மிகுந்த பொறுமையும் வேண்டுவது. முதலிற் செய்யத் தக்கது தலையளவை அறிதல். பேகன் என்னும் வள்ளல் மயிலுக்குப் போர்வை அளித்தபோது, அம்மயில் அதனை உடாது, போர்க்காது என்று அறிந்தும் அளித்தான். அவன் அருளின் மிகுதியை நினைந்து புலவர் பாடினர். நண்பனுக்குக் குல்லாய் பின்னுவோர்க்கு அச்சலுகை இல்லை. அது தலையிற் புகாவிடினும், புகுந்து கண்ணை மறைப்பினும், பெற்றவன் முகமன் கூறிப் பெட்டியுள் வைத்துவிடுவான்.

நண்பனுடைய தலைச்சுற்று 54 செ.மீ. என்று கொள்வோம். பின்னல் நெகிழ்வதாகலின் குல்லாயின் சுற்றளவு 48 செ.மீ. இருந்தால் போதும், இல்லையேல் அது தலையைப் பற்றி நில்லாது. இனி, அந்த 48 செ.மீ.க்கு எத்தனை கண்ணிகள் வேண்டும்? இது நூலின் பருமனையும், ஊசியின் பருமனையும், பின்னுவோர் கையின் இறுக்கத்தையும் பொறுத்தது. ஒரே நூலையும் ஒரே ஊசியையும் இருவரிடம் கொடுப்பின் இருவேறு அளவுகள் வரும். ஆதலால் சிறு சதுரம் ஒன்றை முதலிற் பின்னி, 10 செ.மீ. அகலத்தில் உள்ள கண்ணிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவசரக்காரர் இச்சதுரத்தை வீண்வேலை என்று விட்டுவிடுவர். பின்னர் முழுக் குல்லாயையும் பிரித்துப் பின்னுவர். 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள் எனின், 48 செ.மீ.க்கு 96 கண்ணிகள் ஆகும்.

இந்தத் தொண்ணூற்றாறு கண்ணிகளையும், இருபுறமும் கூரிய மூன்று அல்லது நான்கு ஊசிகளில் பகிர்ந்து ஏற்றி, மற்றோர் ஊசியாற் சுற்றிச் சுற்றிப் பின்னுவர். கண்ணிக்கு முன்முகம், பின்முகம் என இரண்டு முகங்கள் உண்டு. ஒரு பக்கத்தில் மழமழப்பாகத் தோன்றும் கண்ணி, மறுபக்கத்தில் மேடுற்றுத் தோன்றும். இரண்டு கண்ணிகளை முன்முகமாகவும் இரண்டைப் பின்முகமாகவும் மாறிமாறிப் பின்னினால், துணி வரிவரியாகச் சுருங்கி, சுருள்வில் போல் இயங்கும். குல்லாயின் விளிம்பு நெற்றியைப் பற்றி நிற்பது இவ்வரிப் பின்னலாலேயாம். விளிம்பிற்குமேல் எல்லாக் கண்ணிகளையும் ஒரே முகமாகப் பின்னிக்கொண்டு செல்லலாம்.

விளிம்புமுதல் ஏறத்தாழ 16 செ.மீ. உயர்ந்ததும் உச்சியைக் குவித்தல் வேண்டும். 96-ஐ எட்டுப் பங்காக்கினால் பங்குக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு பங்கிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால், ஒரு சுற்றில் எட்டுக் கண்ணிகள் குறைந்து 88 ஆகும். பின்னர் 80, 72 என்று குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் குறைக்கும் சுற்றுகளுக்கு இடையே குறைக்காத சுற்று ஒன்று வருதல் நன்று. உச்சியை அணுகுங்கால் அது வேண்டா. இறுதியில் எட்டே கண்ணிகள் எஞ்சும். நூலை அறுத்து, அவ்வெட்டினூடும் கோத்து இறுக்கி, நுனியை உட்புறம் ஒளித்துவிட்டால் குல்லாய் முடிந்தது. கணக்கிட்டுப் பார்ப்பின், இச்சிறு குல்லாயில் ஐயாயிரத்து இருநூறு கண்ணிகள் அளவில் அடங்கியிருத்தல் காணலாம். அத்தனையும் ஒவ்வொன்றாக விரல்கள் இழுத்தவை.

இடையே ஒரு கண்ணி ஊசியினின்றும் நழுவினால், அது தன் கீழுள்ள கண்ணியையும், அஃது அதன் கீழுள்ளதையும் அவிழ்த்துக்கொண்டு ஏணிப்படி போல் இறங்கும். கற்கத் தொடங்குவோர் இதனைக் கண்டு கலங்குவர். கலக்கத்திற்கு இடமில்லை. கொக்கி ஊசி ஒன்றால் அவிழ்ந்த கண்ணிகளைப் படிப்படியாக மீண்டும் ஏற்றிவிடலாம். முழுதும் கெட்டுவிடினும் நூல் கெடுவதில்லை. பிரித்து உருண்டையாகச் சுற்றி மீண்டும் தொடங்கலாம். வெட்டிய துணியில் நேர்ந்த தவறு இவ்வாறு திருந்துமோ?

பின்னற்கலை எங்கே தோன்றிற்று என்பதை உறுதியாகக் கூறுதற்கில்லை. எகிப்து நாட்டின் வறண்ட மண்ணில் கிடைத்த பருத்திக் காலுறைகளும் அவற்றின் துண்டுகளும், இன்று கிடைக்கும் பழைய பின்னல்களுள் அடங்கும். அவற்றுட் சில ஆயிரம் ஆண்டு அளவு தொன்மையுடையன. ஐரோப்பாவில் அக்கலை பரவியபின், குல்லாய் பின்னுதல் பலர்க்குப் பிழைப்பாயிற்று. இங்கிலாந்தில் 1571-இல் ஒரு சட்டமே பிறந்தது. ஆறு வயதிற்கு மேற்பட்டோர், ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும், அந்நாட்டிலேயே பின்னிய கம்பளிக் குல்லாயைத் தலையில் அணிதல் வேண்டும். அணியாத ஒவ்வொரு நாளுக்கும் 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் விலக்கு உண்டு. புதுமாதிரித் தொப்பிகளை விரும்பத் தொடங்கிய மக்களைப் பழைய குல்லாயின்பால் திருப்பி, அதனைச் செய்வோரைக் காப்பதே சட்டத்தின் நோக்கம். அது நிறைவேறவில்லை, 1597-இல் சட்டம் நீக்கப்பட்டது.

அக்காலத்துக் குல்லாய்களைப் பெரியனவாகப் பின்னி, நீரில் நனைத்து அடித்துத் துவைத்துச் சுருங்கச் செய்வர். ஆட்டு மயிரின்மேல் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. ஈரமும் வெப்பமும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்; துணி தடித்து, மழைநீரும் எளிதிற் புகாதவாறு இறுகும். அன்று வேண்டுமென்று செய்த இதுவே இன்று வேண்டாத இடத்தும் நேர்வதுண்டு. நண்பன் அன்போடு பின்னித் தந்த குல்லாயைக் கொதிநீரில் இட்டுத் துவைத்தவன், பொம்மைக்குரிய குல்லாய் ஒன்றையே வெளியில் எடுப்பான். ஆகவே கம்பளிப் பொருளைக் கொடுப்போர், குளிர்ந்த நீரில் மெல்ல அலசுமாறு கூறிக் கொடுப்பது முறை.

1589-இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியை ஆக்கினார். தாம் விரும்பிய மங்கை தம்மைப் பாராது பின்னலிலேயே கருத்தாயிருந்தமையால் வெகுண்டு அவர் அதனைச் செய்தார் என்றொரு கதை வழங்குகிறது, அது கதையளவினதே. முதலாம் எலிசபெத்து அரசியார் அப்பொறிக்குத் தனியுரிமை நல்க மறுத்தார். கையாற் பின்னிப் பிழைப்போர் வாழ்விழப்பர் என்று அரசியார் அஞ்சியதே காரணம் என்பர். லீ பிரான்சு நாடு சென்று, அங்கும் பெரும்பயன் காணாது மறைந்தார். ஆயினும் பொறி வென்றது. இன்று கடையில் விற்கும் குல்லாயைப் பொறி சில நிமிடங்களிற் பின்னிவிடும். விலையால் நோக்கின், பல மணி நேரம் கையாற் பின்னுவோர்க்கு அதனோடு போட்டியிட வழியே இல்லை. எனினும் அவர்கள் பின்னுவதை விட்டாரில்லை.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டிற்கும் பொலிவியாவிற்கும் இடையே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,810 மீட்டர் உயரத்தில் டிட்டிக்காக்கா என்னும் பேரேரி உள்ளது. பெரு நாட்டின் பகுதியில் உள்ள தக்கீலே என்னும் தீவில் கெச்சுவா மொழி பேசும் மக்கள் வாழ்கின்றனர். பகலில் வெயில் சுடும். இரவில் குளிர் நடுக்கும். அங்கே குல்லாய் பின்னுவோர் ஆடவர். பெண்டிர் தரையில் தறி பரப்பிக் கச்சைகளும் போர்வைகளும் நெய்வர். சிறுவர் ஏழெட்டு வயதிலேயே பின்னத் தொடங்குவர். ஆட்டின்பின் நடக்கும்போதும், ஊர்ப்பொதுவில் அமர்ந்து உரையாடும்போதும் ஆடவர் கைகளில் மெல்லிய ஊசிகள் ஓயாது இயங்கும்.

சுல்லோ எனப்படும் அக்குல்லாய் தலையை மட்டுமன்றி மனிதனையும் காட்டும். மணமானவன் குல்லாய் பெரும்பாலும் சிவப்பு. மணமாகாதவன் குல்லாயில் மேற்பகுதி வெண்மை. ஊர்த்தலைவர் அணிவது பல நிறமுடையது. ஆகவே ஒருவன் தலையைப் பார்த்த அளவிலேயே அவன் நிலையை அறியலாம். பெண் கேட்டு வரும் இளைஞனுடைய குல்லாயில் பெண்ணின் தந்தை நீரை ஊற்றிப் பார்ப்பார் என்றும், நீர் ஒழுகாவண்ணம் இறுக்கமாகப் பின்னியிருந்தால் அவனை மருகனாக ஏற்பார் என்றும் அங்குச் செல்வோரிடம் கூறுவர். கண்ணிகளின் நெருக்கம் கையின் ஒழுங்கைக் காட்டும் என்பது உண்மையே. மனைவி கணவனுக்கு நெய்து தரும் அகன்ற கச்சையில், ஆண்டின் உழவுத் தொழில்களும் விழாக்களும் உருக்களாக அமைந்திருக்கும். அது இடையிற் கட்டிய நாட்காட்டியாம்.

இத்தீவின் துணிக்கலையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் மனிதகுலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008-இல் அது பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலா வருவோர் தொகை பெருகியதால் விற்பனைக்காகவும் அங்கே பின்னுகின்றனர். ஊர்ப்பொதுக் கடையில் பொருள்கள் குறித்த விலைக்கு விற்கப்படுகின்றன. வாங்குவோர் விருப்பத்திற்கேற்பப் புதிய உருக்களும் நிறங்களும் புகுந்தன. இதனால் கலை கெடும் என்று கவல்வோர் உளர். ஆயினும் அத்தீவினர் தாம் அணியும் குல்லாயைத் தாமே பின்னி அணியும் வரை அக்கவலை பெரிதன்று. விற்கப் பின்னுவதில் ஒரு கண்ணி நெகிழ்ந்தால் வாங்கியவன் அறியான். தன் தலையில் அணிவதில் நெகிழ்ந்தால் ஊர் முழுதும் அறியும்.

நண்பர்க்கெனப் பின்னுவதிலும் இத்தகைய கண்டிப்பு உண்டு. கடைப்பொருளின் குறை செய்தவர் பெயரைத் தாங்கி வருவதில்லை. கைப்பொருளின் குறை பெயரோடு வரும். அதற்கஞ்சிச் சிறு பொருள்களிலேயே தொடங்குவது அறிவுடைமை. குல்லாய்க்கு வாங்கிய நூலில் எஞ்சியதைக் கொண்டு மணிக்கட்டுறை, சில்லறைப் பை, புத்தகத்தில் இடும் அடையாளப்பட்டை முதலியவற்றைப் பின்னலாம். நண்பன் வெப்பமான ஊரில் வாழ்பவனாயின் கம்பளியை விடுத்துப் பருத்தி நூலைக் கொள்க. சென்னை வெயிலில் இருப்பவனுக்குத் தடித்த கம்பளிக் குல்லாய் அனுப்புதல் அன்பாகலாம், பயனாகாது. மார்கழி விடியலில் மூத்தோர் காதையும் கழுத்தையும் மூடி அணியும் குரங்குக் குல்லாய் மட்டும் இதற்கு விலக்கு.

முகமறியாதார்க்குப் பின்னிக் கொடுப்போரும் உளர். நிறைமாதத்திற்கு முன் பிறந்த குழவிக்கு உடலின் மற்ற உறுப்புகளை நோக்கத் தலை பெரிது. தோலின்கீழ்க் கொழுப்போ மிகக் குறைவு. ஆதலால் தலை வழியே உடலின் வெப்பம் விரைந்து நீங்கும். வெப்பம் குறைந்தால் உயிர்க்கே இடையூறு. கொலம்பியா நாட்டுத் தலைநகராகிய பொகோட்டாவில், இன்குபேட்டர் என்னும் வெப்பப் பேழைகள் போதாமையால், குழவியைத் தாயின் மார்பிலேயே சேர்த்து அணைத்து வைக்கும் முறையை மருத்துவர் 1978-இல் மேற்கொண்டனர். கங்காரு முறை எனப்படும் இதில், குழவிக்கு இடைத்துணியும் காலுறையும் தலையிற் குல்லாயும் அணிவித்துத் தாயின் தோலோடு சேர்த்துக் கட்டுவர். உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் குல்லாயைக் குறிப்பிடுகின்றது.

பல நாடுகளில் பின்னத் தெரிந்தோர் இக்குழவிகளுக்காகச் சிறு குல்லாய்கள் பின்னி மருத்துவமனைகளுக்கு அனுப்புகின்றனர். நூல் மென்மையாகவும், அடிக்கடி துவைக்கத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும். உறுத்தும் கம்பளி ஆகாது. நாடாவும் பொத்தானும் கூடா. தலைச்சுற்று 30 செ.மீ.க்கும் குறைந்த குழவிகள் உண்டு. 30 செ.மீ. தலைக்கு 28 செ.மீ. குல்லாய் வேண்டுமெனின், முற்கூறிய கணக்குப்படி 56 கண்ணிகள் ஏற்றினாற் போதும். அதனை எட்டால் வகுத்தால் பங்குக்கு ஏழு வரும். பழகிய கைக்கு அஃது ஒரு மாலைப்பொழுதின் வேலை.