மடிக்கணினி பராமரிப்பு

மடிக்கணினி பராமரிப்பு என்பது மடிக்கணினியில் சேரும் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம் ஆகியவற்றை நீக்கி, அதன் வெப்பம் தடையின்றி வெளியேறுமாறு காக்கும் செயலைக் குறிக்கும். இதன் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வேகம் குறைந்துவிட்டது என்று கைவிடப்படும் மடிக்கணினிகளில் சில உண்மையில் பழுதடைந்தவை அல்ல. அவற்றின் காற்றுவழி அடைபட்டிருப்பதே காரணம்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்கள் பலருக்கு அதன்வழி கிடைத்ததே வீட்டின் முதல் கணினி. அது நின்றுபோனால் மாற்றுக் கணினி இல்லாத வீடுகளில் பராமரிப்பு என்பது படிப்பைத் தொடர்வது பற்றிய கேள்வியாகிறது.

தூசியும் வெப்பமும்

மடிக்கணினியின் செயலி இயங்கும்போது உண்டாகும் வெப்பத்தைச் செப்புக் குழாய் ஒன்று பக்கவாட்டிலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. சிறு விசிறி அத்தகடுகளின் ஊடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றும். தகடுகளுக்கு இடையிலான இடைவெளி மிகக் குறுகியது. எனவே விசிறி இழுக்கும் தூசி அங்கே படிந்து, நாளடைவில் கம்பளித் துண்டு போல் இறுகிவிடும். விசிறி சுழலும், ஆனால் காற்று வெளியேறாது. பல செயலிகளின் வெப்ப எல்லை ஏறத்தாழ 100 பாகை செல்சியசு. அதை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மிஞ்சினால் கணினி அணைந்துவிடும். இதை நச்சுநிரலின் வேலை என்று கருதி இயக்குதளத்தைத் திரும்பத் திரும்ப நிறுவுவோர் உண்டு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் போன்ற ஊர்களில் இச்சிக்கல் விரைவில் தலைகாட்டும். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின் புழுதியும், அறுவடைக் காலத்தில் காயவைத்துத் தூற்றப்படும் மக்காச்சோளம், நெல் ஆகியவற்றின் உமித்தூசும் வீட்டிற்குள் வந்து சேரும். அடுப்பங்கரைக்கு அருகில் கணினி இருந்தால் தாளிப்பின் எண்ணெய்ப் புகை அத்தூசியைப் பசையாக்கிவிடும். பாயிலோ மெத்தையிலோ வைத்து இயக்கினால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் மூடிக்கொள்ளும். ஒரு பலகையோ தடித்த அட்டையோ அடியில் இருப்பது போதும். விலைகொடுத்துக் குளிர்விப்பான் வாங்க வேண்டியதில்லை.

தூய்மை செய்தல்

முதலில் கணினியை முழுவதும் அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்க வேண்டும். 2010களின் தொடக்கத்தில் வெளிவந்த பல மாதிரிகளில் மின்கலத்தைத் தாழ் நீக்கி எளிதில் கழற்றலாம். பிற்கால மாதிரிகளில் அது உள்ளே திருகப்பட்டிருக்கும். அடிமூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்ற வேண்டும். திருகுகள் ஒரே நீளமானவை அல்ல. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் திருகை ஒட்டி வைத்தால் குழப்பம் வராது. நீளத் திருகு தவறான துளையில் ஏறினால் மேற்புற உறையைத் துளைத்துவிடும்.

விசிறியின் இறக்கைகளை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலும் கையால் அழுத்தும் காற்றூதியாலும் தூசியை நீக்கலாம். இறக்கையை அசையவிட்டுப் பலமாகக் காற்றடித்தால் அது அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். வாயால் ஊதினால் எச்சில் படும். வீட்டு வெற்றிடத் துடைப்பான் நிலைமின்னூட்டத்தை உண்டாக்கும் என்பதால் சுற்றுப்பலகையின் அருகே அதைக் கொண்டுசெல்லலாகாது. தூசியை நீக்கிய பிறகும் சூடு தணியவில்லை எனில், செயலிக்கு மேலுள்ள வெப்பக்களிம்பு காய்ந்திருக்கலாம். அதை மாற்றுவது பழகிய கைக்குரிய வேலை.

திரையை உலர்ந்த நுண்ணிழைத் துணியால் துடைப்பதே நன்று. கறை இருந்தால் துணியைச் சிறிது நனைத்துக்கொள்ளலாம். நீர்மத்தைத் திரைமீது நேரடியாகத் தெளித்தால் அது விளிம்பு வழியே உள்ளிறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மங்கள் திரையின் மேற்பூச்சை அரிக்கக்கூடும்.

விசைப்பலகையில் சிந்திய தின்பண்டத் துணுக்குகள் எறும்பை அழைத்துவரும். எறும்புப்பொடியைக் கணினிக்குள் தூவக் கூடாது. துணுக்குகளை அகற்றி, வேறிடத்தில் வைத்தால் அவை தாமே விலகும். தேநீர் சிந்தினால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, விசைப்பலகை கீழ்நோக்கும்படி கவிழ்க்க வேண்டும். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கத்தால் பயனில்லை, தவிடே உள்ளே புகும். சர்க்கரையும் பாலும் உலர்ந்தபின் சுற்றுப்பலகையை அரிக்கும். ஆகவே உலர்ந்துவிட்டது என்று இயக்கிப் பார்க்காமல், ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைக்கத் தெரிந்தவரிடம் தருவது நலம்.

மின்கலம்

லித்தியம் அயனி மின்கலம் வெப்பத்தில் விரைவாக முதுமையடையும். நீண்ட விடுமுறையில் பயன்படுத்தாமல் வைப்பதாயின் ஏறத்தாழப் பாதியளவு மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். தொடுபலகை மேலெழும்பினாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ மின்கலம் உப்பியிருக்கக்கூடும். உள்ளே வளிமம் சேர்ந்திருப்பதே காரணம். அதனைத் தொடர்ந்து மின்னேற்றுவதும், குத்துவதும், அழுத்துவதும் தீவிபத்தில் முடியலாம். இவ்வகை மின்கலத்தை வீட்டுக் குப்பையில் போடாமல், இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.