ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

ஜனவரி மாதக் கடைசி. ஆம்பூர், வாணியம்பாடி, காட்பாடி ரெயில் நிலையங்களில் சென்னை செல்லும் ரெயிலுக்காகச் சிலர் காத்திருக்கிறார்கள். தோல் ஷாப்பு முதலாளிகள், மேஸ்திரிகள், ரசாயனம் படித்த இளைஞர்கள். இவர்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. கோவிலுக்கோ தர்காவுக்கோ போகவில்லை. கணக்குப் பார்க்கப் போகிறார்கள்!

சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோலைப் பற்றி ஆராய்கிறவர்களும் தோல் தொழில் செய்கிறவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை அங்கே ஒன்றாகக் கூடுகிறார்கள். இந்த மகாநாட்டை "லெரிக்" என்று சுருக்கமாக அழைப்பார்கள். பெரும்பாலும் ஜனவரி இறுதியில் இது நடக்கும். கடற்கரை நகரத்தில் நடக்கும் இந்தக் கூட்டத்துக்கும் பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பழைய கணக்கு

அந்தக் காலத்தில் ஆம்பூர்க்காரர் சென்னைக்குப் போனால், நேரே பெரியமேட்டுக்குத்தான் போவார். சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தோல் மண்டிகள். மண்டிக்காரர் தோலை விற்றுக் கொடுப்பார்; கமிஷன் எடுத்துக்கொண்டு கணக்குச் சீட்டு கொடுப்பார்.

தோல் விலை, ஆவாரம்பட்டை விலை, கடுக்காய் விலை, சுண்ணாம்பு, உப்பு, கூலி. எல்லாம் பேரேட்டில் ஏறும். தண்ணீர் மட்டும் ஏறாது! கிணற்றில் இறைத்த தண்ணீர்தானே? அதற்கு என்ன விலை?

பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் என்ற ரசாயனத்தால் பதனிட்டால் அந்த வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். 1970-களில் மத்திய சர்க்கார், பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. முழுவதும் தயாரான தோலும் செருப்பும் பூட்ஸும் ஏற்றுமதி ஆகட்டும் என்று ஊக்கம் கொடுத்தது. ஆம்பூர் பூட்ஸ் உலகமெல்லாம் போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. கூடவே கழிவும் பெருகியது.

கங்காரு வால்!

அடையாற்று ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியது 1948 ஏப்ரல் 24-ந் தேதி. அங்கே உள்ள பெரிய மண்டபத்துக்கு "மும்முறுக்கு" என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்ன மும்முறுக்கு?

தோலில் இருக்கும் முக்கியமான பொருள் கொலாஜன் என்ற புரதம். அது மூன்று இழை சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது. இதை 1954-ம் ஆண்டில் எடுத்துச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக் கழக விஞ்ஞானி ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும். ஆராய்ச்சிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், கங்காருவின் வால் நார்! அதைக் கொடுத்து உதவியது இந்தத் தோல் ஆராய்ச்சி நிலையம்தான்.

1958 முதல் 1971 வரை நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் டாக்டர் ஒய். நாயுடம்மா. விஞ்ஞானம் தொழிலாளியின் கைக்கு வந்து சேரவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

ஆயிரம் கிலோ எங்கே போயிற்று?

மகாநாட்டு மேடையில் ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை படிப்பார்கள். படங்கள் காட்டுவார்கள். கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். "இந்த முறைக்கு எவ்வளவு செலவு பிடிக்கும்?" என்பதுதான் தோல் ஷாப்புக்காரர் மனத்தில் முதலில் எழும் கேள்வி.

விஞ்ஞானிகளிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. வீட்டில் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதும் தாய்மார்களுக்கு அது எளிதில் புரியும்.

உப்புப் போட்ட பச்சைத் தோல் ஆயிரம் கிலோ உள்ளே போகிறது. முடிவில் கிடைக்கும் பதனிட்ட தோல் சுமார் 250 கிலோதான். மீதி எங்கே? ரோமம், சதை, கொழுப்பு, வெட்டித் தள்ளிய துண்டு, சீவிய தூள், உப்பு, ஈரம்! அவற்றோடு சுண்ணாம்பும் குரோமியமும் சேருகின்றன. எதுவும் மாயமாய் மறைவதில்லை. வரவில் வைத்தது அத்தனையும் செலவில் எங்காவது நின்றே தீரவேண்டும். முதலாளியின் பேரேட்டில் நிற்காவிட்டால், உழவனின் கிணற்றில் போய் நிற்கும்!

கோர்ட்டு போட்ட கணக்கு

அப்படித்தான் நின்றது. கிணற்று நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது.

1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோல் தயாரிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 எக்டேர் நிலம், அதாவது 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல், ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற விவரமும் அதில் இருக்கிறது.

"கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமர்ந்த நீதிபதிகள் கூறினார்கள். தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் இழப்பைக் கணக்கிடத் தனி அதிகார அமைப்பு ஒன்றை ஏற்படுத்தும்படியும் உத்தரவிட்டார்கள். பேரேட்டில் எழுதாமல் விட்ட செலவைக் கோர்ட்டு எழுதிக் காட்டியது!

அத்துடன் கணக்கு முடிந்துவிட்டதா? இல்லை. நஷ்டஈடு முழுவதும் போய்ச் சேராத நிலையில், 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கவும், அதைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது.

பத்து உயிர்கள்

அளக்காமல் சேர்த்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2015 ஜனவரி 31-ந் தேதி அதிகாலை. ராணிப்பேட்டையில் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள்.

குரோமியம் திரும்புகிறது, உப்பு திரும்பவில்லை

இதற்கெல்லாம் வழி இல்லையா? உண்டு. சாதாரண முறையில் பீப்பாயில் போடும் குரோமியத்தில் நூற்றுக்கு 60, 70 பங்குதான் தோலில் ஏறும். மீதி கழிவு நீரில் போய்விடும். அந்த நீரில் மக்னீசியம் ஆக்சைடு என்ற பொடியைக் கலந்தால் குரோமியம் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் உபயோகிக்கலாம். குரோமியம் ஏற்றும் கட்டத்தில் தண்ணீரே ஊற்றாமல் பதனிடும் முறையையும் அடையாற்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உப்புதான் பிடிவாதக்காரன்! சாதாரணச் சுத்திகரிப்பில் அது விலகாது. மெல்லிய சல்லடைச் சவ்வு வழியாக நீரை அழுத்தித் தள்ளி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் பணமும் நிறைய ஆகும். வற்றவைத்த பிறகு மிஞ்சும் அழுக்கு உப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. ஆகவே, தோலில் போடும் உப்பையே முதலில் குறைப்பது எப்படி என்று ஆராய்கிறார்கள்.

மகாநாடு முடிந்தது. ஆம்பூர்க்காரர் ஊருக்குத் திரும்புகிறார். காட்பாடியைத் தாண்டியதும் ரெயில் ஜன்னலில் பாலாறு தெரிகிறது. பெரும்பாலும் வெறும் மணல்தான். ஆனாலும் அந்த மணலுக்கு அடியில் ஓடும் நீரைத்தான் கரையோர ஊர்களின் கிணறுகள் நம்பியிருக்கின்றன. அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் தொழிலாளியின் குழந்தையும் குடிக்கிறது. முதலாளியின் குழந்தையும் குடிக்கிறது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் பெரியோர். சிக்கனத்துக்காகச் சொன்ன பழமொழி அது. பாலாற்றங்கரையிலோ அது உயிர் காக்கும் பழமொழி. தோல் ஷாப்பின் பேரேட்டில் தோலுக்கும் கூலிக்கும் பக்கத்தில் தண்ணீருக்கும் உப்புக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். அந்தப் பத்தியைத் தினந்தோறும் எழுதினால், தொழிலும் நிலைக்கும், கிணறும் பிழைக்கும்!