செவி இரைச்சலும் சீனத்து ஊசியும்

யாழ்ப்பாணத்துக்கு அணித்தாய அல்லைப்பிட்டியிலே 1977ஆம் ஆண்டிற் சீன நாட்டு மட்கலவோடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை சொங் அரசர் காலத்தன; கடல் வாணிகத்தால் வந்தன என்பர் ஆராய்ச்சியாளர். 2018இற் சாங்காய் நூதனசாலையாரும் இலங்கைத் தொல்லியலாரும் ஆங்கு மீண்டும் அகழ்ந்தனர். அச் சொங் காலத்திலேயே, ஏறத்தாழ 1027இல், வாங் வெய்யி என்னும் அரசவை வைத்தியர் ஊசி ஏற்றற்குரிய புள்ளிகள் பொறித்த வெண்கலப் பாவைகள் இரண்டினை வார்ப்பித்தார். பாவையை மெழுகால் மூடி, உள்ளே நீர் நிரப்பி, மாணாக்கன் குத்திய இடத்தில் நீர் கசியின் அவனைத் தேறினான் என்று கொண்டனராம். எழுத்துத் தேர்வுக்கே அஞ்சுவார் இதனை நினைந்து ஆறுதல் பெறுக.

கலங்கள் வந்து பன்னூறாண்டு கழிந்த பின்னரே அவ்வூசிக்கலை இப்பக்கத்திற் பரவியது. 1938இற் சீனஞ் சென்ற இந்திய வைத்தியக் குழுவினருள் ஒருவராகிய விஜயகுமார் பாசு, 1950களின் பிற்பகுதியில் அதனை அங்குக் கற்றுக் கல்கத்தாவிற் கையாண்டார். இலங்கையில் 1970கள் தொட்டு, களுபோவிலையிலுள்ள கொழும்புத் தெற்கு வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய அதனை நடத்தியும் கற்பித்தும் வந்தார். இன்று அக்குபஞ்சர் என்னும் பெயரை அறியாதார் அரியர். நெடுநாட் காதிரைச்சலுக்கும் அதனை நாடுவார் உளர்.

புறத்தே ஒலியின்றியும் காதினுள் இரைதலும் கூவுதலும் கேட்பதே அந்நோய். சுசுருதர் தாம் வகுத்த 28 செவிநோய்களுள் இதனைக் கர்ணநாதம் என எண்ணி, வாயுவின் பிறழ்ச்சி என்றார். சீன நூலாரோ செவியைச் சிறுநீரகத்தின் வாயில் என்பர். ஆதலின் காதருகேயன்றிக் கணுக்காலருகேயும் ஊசி ஏற்றுவர். இக்கால மருத்துவர் கூற்று வேறு. உட்செவியின் நுண்மயிர்க்கலங்கள் முதுமையாலோ, ஆலை ஓசையாலோ, வெடி முழக்கத்தாலோ சிதையுமாயின், குறைந்துவரும் செய்தியை ஈடுசெய்ய முயலும் மூளை தானே ஒலியைப் படைத்துக்கொள்ளுகின்றது என அவர் கருதுகின்றனர். 2006 ஓகஸ்டில் எறிகணை வீச்சுக்கு ஆளான அல்லைப்பிட்டி போன்ற ஊர்களுக்கு இஃது ஏட்டளவிலான செய்தியன்று.

ஊசியால் இவ்விரைச்சல் தீருமோ? இதனை அளத்தற்குக் கருவியில்லை. நோயாளி சொல்லே அளவு. இரைச்சலோ தானே ஏறும், தானே தணியும். மிக்க துன்பத்திலேயே ஒருவன் வைத்தியரை நாடுவானாகலின், பின்னர் இயல்பாக நேரும் தணிவும் ஊசியின் பயனாகத் தோன்றும். ஆகவேதான் மெய்யூசியைப் பொய்யூசியோடு ஒப்பிடுதல் வேண்டப்படுகின்றது. 2000இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, செம்மையாக நடந்த சோதனைகளில் இதன் பயன் நிறுவப்படவில்லை என்றது. பின்வந்தனவற்றுட் சில நன்மை கூறினும், அவை தழுவிய சோதனைகள் பெரும்பாலும் சிறியன, குறையுடையன. அமெரிக்கச் செவிநோய் வல்லுநர் 2014இல் வகுத்த நெறி, ஊசியைப் பரிந்துரைக்கவுமில்லை, விலக்கவுமில்லை.

தேர்ந்த கையாற் குத்தப்படும் தூய ஊசி பெருந்தீங்கு செய்வது அரிது. தீங்கு காலத்தாழ்ப்பிலேதான். செவிப்புலன் குறைந்தார்க்குக் கேட்கருவி இரைச்சலையும் தணித்தல் உண்டு. எண்ணப் பழக்கத்தைத் திருத்தும் உளச்சிகிச்சை இரைச்சலை நீக்காதெனினும் அதனால் வரும் துயரைக் குறைக்கின்றது. ஒரு காது திடீரெனச் செவிடுபட்டு இரையுமாயின், இரு வாரத்துள் மருந்து தொடங்குதல் வேண்டும். அந்நிலையில் அல்லைப்பிட்டியார் முதலிற் செல்லத்தக்கது ஊசி வைத்தியரிடமன்று. பண்ணைப் பாலங் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு.