மேகமில்லாத வானமும் எங்கள் வீட்டுத்தோட்டமும்

"ஜனவரி வெயில நம்பி ஒண்டும் போடாதீங்க மகள்" என்று என் உம்மும்மா அடிக்கடி சொல்வார். நான் அதைக் கேட்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் டிசம்பர் ஆரம்பத்தில் மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்தது. எங்கள் வீட்டின் பின்னால் உள்ள மூன்று பாத்திகளிலும் ஒரே நாளில் போஞ்சி விதைத்தேன். ஜனவரி நடுப்பகுதியில் செடிகள் முழங்கால் உயரத்துக்கு வந்து பூவும் கட்டின. ஒருநாள் மாலை உம்மும்மா முற்றத்தில் நின்று, "வானத்துல ஒரு மேகமும் இல்ல. இண்டைக்கு சாக்கப் போட்டு மூடுங்க" என்றார். பகலில் வியர்க்கும் அளவுக்கு வெயில் இருந்ததால், "பிறகு பார்ப்போம்" என்று படிக்க உட்கார்ந்துவிட்டேன். சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது முற்றத்துப் புல் வெள்ளையாக இருந்தது. ஒன்பது மணியளவில் போஞ்சி இலைகள் வெந்த கீரை போல் கறுத்துத் தொங்கின.

எங்கள் வீட்டில் இது சின்ன இழப்பல்ல. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை கைக்கு எட்டாமல் போனபோதுதான் இந்தத் தோட்டத்தைத் தொடங்கினோம். அவ்வருடம் அரச ஊழியர்கள் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கும் தீர்மானத்தை அரசாங்கமே எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். வாப்பாவின் தையல் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்திருந்த அந்த நாட்களில், எங்கள் பகல் சோற்றுக்கான கறியில் பாதி அந்த மூன்று பாத்திகளிலிருந்தே வந்தது. அன்று முதல், எங்கள் ஊர்க் குளிர்காலம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது, அதற்குள் ஒரு சிறு தோட்டத்தை எப்படிக் காப்பது என்று கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் வருகிறேன். அதை இங்கே எழுதுகிறேன்.

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில், மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்தச் சரிவில் நேராக மோதி மழையைக் கொட்டுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ் பருவக்காற்று எதிர்ப்பக்கத்தால் வருகிறது. அது கொண்டுவரும் மழையில் பெரும்பகுதி மலைகளின் கிழக்குச் சரிவிலேயே விழுந்துவிடும். மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது அந்தக் காற்று உலர்ந்திருக்கும். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். இந்த உலர்ந்த குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால், திம்புள்ள பிரதேசத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே தரமான பருவம். தேயிலைக்கு நல்ல மணம் தரும் அதே இரவுகள்தான் போஞ்சிக்குப் பகையாகின்றன.

இது பொதுவான ஒழுங்கு. ஆனால் ஒவ்வொரு வருடமும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால், உலர்ந்திருக்க வேண்டிய ஜனவரியில் நாட்கணக்கில் மழை பெய்யும். 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தையும் மலைநாட்டின் சில பகுதிகளையும் வெள்ளம் சூழ்ந்தது. 2016 இறுதியிலும் 2017இலும் அதற்கு நேர்மாறாக நாடெங்கும் கடும் வரட்சி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, மலையகத்தில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டுப் பல நூறு உயிர்கள் போயின. ஆகவே குளிர்காலத் தோட்டக்காரர் பனி, மழை, வரட்சி ஆகிய மூன்றுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எது வரும் என்று ஊகித்து ஒன்றிலேயே எல்லாவற்றையும் வைப்பதுதான் நான் செய்த பிழை.

முதலில் பனியைப் பார்ப்போம். பகலில் சூடேறிய மண் இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி வெளியிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போல் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாத, காற்றும் அசையாத இரவில் சூடு தடையின்றிப் போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது சரிவு வழியே தண்ணீரைப் போல் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவேதான் மேட்டிலுள்ள வீட்டில் செடி தப்பியிருக்க, கீழே ஆற்றோரத் தோட்டத்தில் கருகிவிடுகிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில், கூண்டுக்குள் வைப்பார்கள். அது 3 அல்லது 4 பாகை செல்சியஸ் காட்டும்போதே தரையோரப் புல்லும் இலையும் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கலாம். இலைக்குள் கலங்களுக்கு இடையிலுள்ள நீர் உறையும்போது அது கலங்களுக்குள்ளிருக்கும் நீரையும் இழுத்துக்கொள்கிறது. வாடிக் கிழிந்த கலங்கள் காலை வெயிலில் கறுத்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்ட பின் செய்ய வேண்டியவை எளிதாகின்றன. மாலையில் மேகமும் காற்றும் இல்லாவிட்டால் மஃரிபுக்கு முன்னரே பாத்தியைப் பழைய சாக்கு, பழைய படுக்கை விரிப்பு அல்லது காய்ந்த மானாப் புல்லால் மூட வேண்டும். நாலு குச்சி நட்டு, துணி இலையில் படாதபடி விரிப்பது நல்லது. பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமே கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். காய்ந்த மண்ணைவிட ஈரமண் பகல் சூட்டை அதிகம் சேர்த்து வைக்கும். ஆகவே காலையிலேயே செடியின் அடியில் தண்ணீர் விட வேண்டும், மாலையில் இலை நனைய ஊற்றக் கூடாது. பிறை தேடி நாம் மேற்கு வானத்தைப் பார்க்கும் மாலைகளில், வானம் தெளிவாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் வீட்டில் அந்த மாலைகளில் பிறை பார்த்த கையோடு சாக்கையும் தேடுகிறோம்.

இரண்டாவது மழை. குளிரோடு ஈரம் சேர்ந்து இலை ஓரிரவு நனைந்திருந்தாலே உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் பின்வெளிறல் நோய் தொற்றிவிடும். இலை ஓரத்தில் எண்ணெய் பட்டது போன்ற கரும்பச்சைப் புள்ளி தோன்றும். கீழ்ப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். சில நாட்களில் முழுச் செடியும் அழுகும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்து, சுமார் 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்த பஞ்சத்துக்குக் காரணமானதும் இதே நோய்தான். தக்காளிக்குக் குச்சி கட்டி, மண்ணைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளி, செடிகளுக்கு இடையே காற்றோட்டம் விட்டால் நோய் பிடிப்பது குறையும். பிடித்த இலையைப் பசளைக் குழியில் போடக் கூடாது. நாங்கள் அதைத் தக்காளிச் செடிக்கே மேலாகப் பாத்தியின் ஓரத்தில் கூரை போல் ஒரு தகரத்தை ஏற்றி மழையிலிருந்து மறைக்கிறோம்.

சரிவான நிலத்தில் மழைக்கு இன்னொரு பாடமும் உண்டு. பாத்திகளை மலைக்குக் குறுக்கே அமைத்து, மேற்பக்கத்தில் ஒரு கான் வெட்டி நீரை ஓரமாக இறக்க வேண்டும். தேயிலை மலைகளில் இன்றும் செய்வது இதைத்தான். பாத்தியை அகலமாக்கும் ஆசையில் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டின் அடியை வெட்டவே கூடாது. அடி போனால் மேல்மண் எதில் தாங்கும்? மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தோட்டத்தைப் பார்க்க நிற்காமல் வெளியேற வேண்டும். செடியை மறுபடி நட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வரட்சி. ஜனவரி, பெப்ரவரியில் குழாய்த் தண்ணீர் குறையும். ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று நாம் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் வுழூச் செய்யும் இடத்துக்குக் கீழே ஒரு பேசின் வைத்திருக்கிறோம். ஐந்து வேளையும் சேரும் அந்த நீரில் சவர்க்காரம் இல்லை. அது புதினாவுக்கும் மல்லிக்கும் போதும். மண்ணின் மேல் காய்ந்த புல்லைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், இரவில் வேரும் அதிகம் குளிராது.

இனி, எதை எப்போது நடுவது? லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட் ஆகியவை குளிரைத் தாங்கும். போஞ்சி, தக்காளி, கொச்சிக்காய், உருளைக்கிழங்கு தாங்காது. என் போஞ்சி கறுத்த அதே காலையில், வேலியோரம் உம்மும்மா நட்டிருந்த லீக்ஸ் வெள்ளை பூசிக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு ஒன்றும் நடக்காதது போல் பச்சையாக இருந்தது. இப்போது மூன்று பாத்திகளில் ஒன்றில் குளிர் தாங்குபவை, ஒன்றில் தாங்காதவை, மற்றதில் முள்ளங்கி, சலாது, கீரை போன்று சீக்கிரம் பறிப்பவை. போஞ்சியையும் ஒரே நாளில் போடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை. ஒரு வரிசை பனியில் போனால் அடுத்தது அப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கும். சின்னதாக இருப்பதால் மூடுவதும் சுலபம்.

ஒன்றையே நம்பக் கூடாது என்பதை எங்கள் மலைநாட்டைப் போல் வேறெங்கும் கற்க முடியாது. இன்று தேயிலை நிற்கும் மலைகளில் முன்பு கோப்பி இருந்தது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியில் காணப்பட்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்ததால்தான் மாற்றுவதற்கு இன்னொரு பயிர் கைவசம் இருந்தது. தேயிலைக்கும் 1946இல் கொப்புள நோய் வந்தது. ஈரமும் குளிரும் கூடிய நாட்களில் அது இன்றும் தலைகாட்டுகிறது. எங்கள் ஊர் சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நோய்களை இன்றும் ஆராய்ந்து வருகிறது.

ரமழானையும் கணக்கில் எடுக்க வேண்டும். சந்திர வருடம் சூரிய வருடத்தைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஆகவே ரமழான் வருடா வருடம் முன்னுக்கு வருகிறது. 2026இல் பெப்ரவரியில் தொடங்கியது, 2030இல் ஜனவரி முதல் வாரத்துக்கு வந்துவிடும். நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய மல்லித்தழையும் புதினாவும் வருடத்தின் மிகக் குளிரான நாட்களில் வளர வேண்டியிருக்கும். குளிரில் மல்லி முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும். நாங்கள் மல்லியை இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்து, முதல் நோன்புக்கு இரண்டு மாதம் முந்தி விதைக்கிறோம். றம்பை குளிர் தாங்காது. அதைத் தொட்டியில் வைத்து இரவில் குசினிக் கதவோரம் கொண்டுவருகிறோம்.

ஸூரா யூஸுபில், வரப்போகும் பஞ்ச வருடங்களுக்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கும்படி யூஸுப் அலைஹிஸ்ஸலாம் ஆலோசனை சொன்னதை நாம் ஓதுகிறோம். நல்ல வருடம் இருக்கும்போதே கெட்ட வருடத்தை நினைத்த திட்டம் அது. உம்மும்மாவும் நல்ல காய்களில் சிலவற்றைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டு, தோலோடு போத்தலில் போட்டு வைப்பார். என் மூன்று பாத்திகளும் கறுத்த அன்று நான் அழுதுகொண்டிருந்தபோது, அவர் ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து அந்தப் போத்தலை எடுத்து வந்தார். பெப்ரவரி கடைசியில் குளிர் தணிந்த பின் அந்த விதையை ஒரு வரிசை மட்டும் போட்டோம். இரண்டு வாரம் கழித்து அடுத்த வரிசை.

வாசிக்கும் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய நிலம் தேவையில்லை. உரப்பையில் மண் நிரப்பி நாலு லீக்ஸ் நட்டாலும் அது தோட்டம்தான். ஒரு கொப்பியில் திகதி, வானம், மழை, விதைத்தது, பறித்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். இரண்டு குளிர்காலம் எழுதினால் உங்கள் முற்றத்தில் எந்த மூலையில் பனி முதலில் விழுகிறது என்று தெரிந்துவிடும். வானத்தின் அதிகாரம் அல்லாஹ்வுடையது. சாக்கை விரிப்பதும் விதையைப் பிரித்து வைப்பதும் நம் கையில் இருக்கின்றன. எங்கள் போத்தலில் இந்த வருடமும் ஒரு கைப்பிடி விதை இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.