சாவி கேட்கும் வயது

“ஏனுங்ப்பா, டியூசனுக்கு வண்டியிலயே போய்ட்டு வந்தர்றனுங்களே?”

பத்தாவது படிக்கும் பையன் இருக்கிற பல்லடத்து வீட்டில் இந்தக் கேள்வி வராமல் போகாது. நூல் மூட்டை லாரியும் கோழி வண்டியும் ஓயாமல் ஓடுகிற ஊர். பகலெல்லாம் தறியோடு நின்று களைத்த அப்பா, பக்கத்தில்தானே என்று சாவியைக் கொடுத்துவிடுவார். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி இதற்குப் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தற்செயலோ என்னவோ, ஆசைக்குக் கடிவாளம் போடும் நெற்றிப்பக்க மூளை முழுதாக முதிர்வதும் ஏறத்தாழ அந்த வயதில்தான்.

அதற்காகப் பதின்வயதுப் பிள்ளைக்கு அறிவே கிடையாது என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் குழுவினர் பதின்வயதினரையும் பெரியவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடவிட்டார்கள். மஞ்சள் விளக்கு எரியும். நிறுத்தினால் நேரம் போகும், துணிந்து போனால் மோதலாம். தனியாக ஆடியபோது பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். அடுத்த அறையில் இருந்து சிநேகிதர்கள் திரையில் பார்க்கிறார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் மட்டும் சிக்னலை அதிகம் மீறினார்கள். மூளையில் பரிசுக்குத் துள்ளும் பகுதியும் அப்போது கூடுதலாக விழித்துக்கொண்டது. 2011இல் வெளியான முடிவு இது. நாற்பது பேரிடம் மட்டும் நடந்த சிறிய சோதனைதான். ஆனாலும் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும் பையனைப் பார்த்தவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படாது.

அப்படியானால் எந்நேரமும் கண்காணிப்பதா? சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்த ஹொகான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 2000இல் சொன்னது பலரைத் திகைக்க வைத்தது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு கேட்டோ கட்டுப்படுத்தியோ அறிந்ததல்ல; பிள்ளை தானாக வந்து சொன்னது. அப்படிச் சொல்கிற பிள்ளைகளிடம் தப்பும் குறைவாக இருந்தது. தப்பு செய்கிறவன் மறைக்கிறானா, மறைக்கிறவன் தப்புக்குப் போகிறானா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. எப்படியானாலும், போனில் இருப்பிடம் பார்க்கும் செயலியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற அப்பாவுக்கு இது நல்ல சேதி இல்லை. வண்டி நிற்கிற இடத்தைச் செயலி காட்டும். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று காட்டாது.

அதனால் பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிளில் கடைவீதி வரை தனியாகப் போய்வரட்டும், சில்லறைக் கணக்கை அவனே பார்க்கட்டும். மோட்டார் வண்டிக்கு மட்டும் 18 வரை மறுப்புத்தான். காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். அவன் சொல்ல நேரமும் வேண்டும். தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. கரண்ட் போய்த் தறி நிற்கும் அரைமணி நேரத்தில், “சிநேகிதன் வண்டிய ஓட்டிப் பார்த்தனுங்ப்பா” என்று மெல்ல ஆரம்பிப்பான். கை ஓங்காமல், “அப்புறம், கண்ணு?” என்று கேட்பது லேசான காரியமில்லை.