மேகத்தில் ஒரு பிரதி

நம் ஊர்ப்பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொள்கிறார்கள். ஆனால் வீடு தீப்பற்றிப் பத்திரம் சாம்பலாகிவிட்டால் அந்தச் சாவியால் என்ன பயன்? அப்போது கைகொடுப்பது சார்பதிவாளர் அலுவலகம்தான். அங்கே பதிவு இருக்கிறது. மனுக் கொடுத்து நகல் பெறலாம். ஒரு பொருளைப் பூட்டிக் காப்பது வேறு, போன பின்பு மீட்க வழி வைத்திருப்பது வேறு. இந்த எளிய உண்மையை, விஞ்ஞானம் பயிலும் நான் சென்ற ஆண்டில்தான் சற்று அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. ‘நாஸ்’ என்பது அதன் பெயர். அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கின்றன. கூடத்திலுள்ள கணிப்பொறிகள் எல்லாவற்றுக்கும் அது பொதுவான பரண். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அக்கணமே மற்றொன்றிலும் எழுதப்படும். கண்ணாடியில் உருவம் தெரிவது போன்ற இம்முறைக்கு ‘ரெய்டு 1’ என்று பெயர். ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்து வேலை நடக்கும். ஆகவே, எங்கள் அளவீடுகளுக்கு இரண்டு பிரதிகள் உள்ளன என்று எல்லோரும் கவலையற்றிருந்தோம்.

ஓர் இரவு, பெட்டியில் இடம் போதவில்லையென்று வேண்டாத கோப்புகளை நீக்கப் புகுந்தேன். தூக்கக் கலக்கத்தில், என்னுடைய நான்கு மாத அளவீடுகள் இருந்த கோப்புறையையே நீக்கிவிட்டேன்! கண்ணாடி தன் கடமையில் சிறிதும் தவறவில்லை. இரண்டாவது டிஸ்க்கிலும் அது அந்தக் கணமே மறைந்தது. அந்த நான்கு மாத வேலையை மீண்டும் செய்ய நேர்ந்தது.

இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று தள்ளிவிட வேண்டாம். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், சூப்பர் கம்ப்யூட்டரின் காப்பு நிரலில் நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் ஆய்வுச் செய்திகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் தீய நிரல், க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகள் பலவற்றில் இணையம் வழியே புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை. கைப்பிழை, கள்வன், தீ ஆகிய மூன்றில் எதையும் ஒரே பெட்டியிலுள்ள இரண்டாவது டிஸ்க் தடுக்காது.

அப்படியானால் என்ன செய்வது? மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில் என்பது இத்துறையில் வழங்கும் விதி. வேறு ஊரில் வைக்க இன்று எளிய வழி ‘கிளவுட்’. மேகம் என்று பெயரிருந்தாலும் அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில், வேறொருவர் வாடகைக்கு விடும் டிஸ்க்குகளே அவை.

பெட்டியிலிருந்து மேகத்துக்கு அனுப்ப நிரல்கள் உள்ளன. சினாலஜி பெட்டிகளில் ‘ஹைப்பர் பேக்கப்’, க்யூநாப்பில் ‘ஹைப்ரிட் பேக்கப் சிங்க்’, மற்றவற்றுக்கு ‘ரெஸ்டிக்’ போன்ற இலவச நிரல்கள். எதைக் கொண்டாலும் சில செய்திகளை மறக்கலாகாது.

முதலாவது, ‘சிங்க்’ என்னும் ஒத்திசைவும் காப்புப் பிரதியும் ஒன்றல்ல. ஒத்திசைவு என்பது நீண்ட கம்பியில் கட்டிய கண்ணாடியே; இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கும். நேற்றைய நிலை, சென்ற வாரத்து நிலை, சென்ற மாதத்து நிலை எனப் பழைய நிலைகளையும் வைத்திருக்குமாறு அமைக்க வேண்டும். என் நான்கு மாதங்களைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அதுதான்.

இரண்டாவது, பொறுமை. பெட்டியில் 2 டெராபைட் இருக்கிறது, நாம் அனுப்பும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்று கொள்வோம். 16 லட்சம் கோடி பிட்டுகளை நொடிக்கு 2 கோடி வீதம் அனுப்ப 8 லட்சம் நொடிகள் ஆகும். அதாவது 9 நாட்களுக்குச் சற்று அதிகம். இது முதல் முறைக்கு மட்டுமே. பிறகு மாறிய பகுதிகள் மட்டும் செல்வதால் இரவு நேரமே போதும்.

மூன்றாவது, பூட்டு. செய்திகள் பெட்டியை விட்டுக் கிளம்புமுன் மறைகுறியாக்கம் செய்ய வேண்டும். அதன் கடவுச்சொல் தொலைந்தால் எவராலும் திறக்க முடியாது. எனவே அதைக் காகிதத்தில் எழுதி, பெட்டி இல்லாத வேறு இரண்டு இடங்களில் வையுங்கள். மேகக் கணக்கின் கடவுச்சொல்லும் பெட்டியின் கடவுச்சொல்லும் ஒன்றாக இருத்தல் கூடாது. ஒன்றைத் திருடியவன் இரண்டையும் அழித்துவிடுவான்.

நான்காவது, மீட்டுப் பார்த்தல். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை மேகத்திலிருந்து இறக்கித் திறந்து பாருங்கள். மலிவான கிடங்குகளில் சில உடனே திருப்பித் தருவதில்லை. அமேசானின் ‘கிளேசியர் டீப் ஆர்க்கைவ்’ போன்றவற்றில் 12 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். திருப்பி எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. இவற்றை ஆபத்து வந்த அன்று அறிவதைவிட இன்றே அறிவது நலம்.

இறுதியாக ஒன்று. நம் சங்க அறையிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கிறது. பழைய மலர்களின் பக்கங்களும், நாடக விழாப் படங்களும், முன்னே இங்குப் படித்துச் சென்றவர்களின் எழுத்துக்களும் அதில்தான் உள்ளன. மூலத் தாள்களில் சிலவற்றைக் கரையான் ஏற்கெனவே தின்றுவிட்டது. நான் இழந்ததை நான்கு மாத உழைப்பால் மீண்டும் பெற்றேன். அவர்கள் எழுதியதை யார் மீண்டும் எழுதுவார்? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குமாறு செயலாளரைக் கேட்டுக் கொள்கிறேன். முதற்பிரதி சென்று சேரும் அந்த 9 இரவுகளும் பெட்டியருகே காவலிருக்க நான் தயார். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு!