சூரிய சக்தி பம்ப்செட்: பெட்டிக்கும் காற்று வேண்டும்

நல்லம்பள்ளி வட்டாரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் தக்காளியும் சாமந்தியும் கிணற்று நீரை நம்பியே நிற்கின்றன. சூரிய சக்தி பம்ப்செட் அமைத்துள்ள உழவருக்கு உச்சி வேளைதான் நீர் அதிகம் கிடைக்க வேண்டிய நேரம். அப்போது மோட்டார் வேகம் குறைந்தாலோ, நின்று நின்று ஓடினாலோ, மோட்டார் பழுது என்று எண்ணிக் கழற்றிவிடுகின்றனர். கிணற்றில் நீர் இருந்து, சற்று நேரம் ஆறியபின் மோட்டார் மீண்டும் ஓடினால், முதலில் பார்க்க வேண்டியது கன்ட்ரோலர் பெட்டியை.

5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 4,000 வாட்டுக்கு மேல் மின்சாரம் இப்பெட்டி வழியாகச் செல்கிறது. அதில் 100க்கு 4 பங்கு வெப்பமாக மாறினாலும் 160 வாட் ஆகிறது. 100 வாட், 60 வாட் குண்டு பல்புகள் இரண்டைப் பெட்டிக்குள் ஓயாமல் எரியவிட்டதற்கு இது சமம். சூடு எல்லை மீறினால் கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைக் குறைக்கும், பிறகு நிறுத்திவிடும். சூட்டிலேயே ஓடினால் உள்ளே உள்ள கெபாசிட்டர்களின் ஆயுள் குறையும். 10 டிகிரி சென்டிகிரேடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

மின்விசிறி இல்லாத பெட்டிகளின் முதுகில் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றிடையே சூடான காற்று இலேசாகி மேலே எழ, கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைகிறது. அடுப்புப் புகை கூண்டு வழியே ஏறுவதும் இப்படித்தான். ஆகவே தகடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். பெட்டியைப் படுக்க வைத்தால் ஓட்டம் தடைப்படும்.

தகடுகளுக்குப் பதில் 'அலுமினிய நுரை' பயன்படுத்தும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் உலோக நுரையில் வெப்பம் கடத்தப்படுவது ஆராயப்பட்டுள்ளது. கடற்பஞ்சு போன்ற இவ்வுலோகத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் வெற்றிடமே. எடை குறைவு, காற்றுப்படும் பரப்பு மிகுதி. ஆனால் தானாக எழும் காற்றுக்கு உந்துவிசை சொற்பம். துளைகள் மிகச் சிறிதானால் காற்று உள்ளே புகாது. பெரிய துளை நுரையே இங்கு ஏற்றது. அதிலும் செம்மண் புழுதி அடைந்தால் துடைத்தெடுப்பது எளிதன்று. புழுதிக் காட்டுக்குத் தகடே மேல்.

பெட்டியைச் சூரியத் தகடுகளின் நிழலில், வெயில் படாதவாறு பொருத்துதல் நலம். மேலும் கீழும் ஒரு சாண் இடைவெளியாவது தேவை. மழைக்குப் பயந்து சாக்கு, பாலித்தீன் தாள் சுற்றுவது பெருந்தவறு. காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையும் ஆகாது. குளவிக்கூடு, சிலந்தி வலை, புழுதி ஆகியவற்றை மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் நீக்க வேண்டும். அதற்குமுன் சூரியத் தகட்டிலிருந்து வரும் சுவிட்சை அணைத்துப் பெட்டியை ஆறவிட வேண்டும். தண்ணீர் பீய்ச்சக் கூடாது. பெட்டியைத் திறக்கவும் கூடாது. உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் சுவிட்சை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் தங்கியிருக்கும்.

இதற்குப் பிறகும் நின்றால், திரையில் தெரியும் குறியீட்டையும் நின்ற நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, பம்ப்செட் அமைத்த நிறுவனத்துக்கும், அரசு மானியத்தில் பெற்றதானால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் தெரிவிக்கலாம்.